கூழைக்கடாவுக்கு டோக்கன் கிடையாது

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கொருக்குப்பேட்டையில் யாரும் கிடையாது. ரயில்வே கார்டாக இருந்து ரிடையர் ஆனவர், கோர்ட் குமாஸ்தா, ஒரு வட்டச் செயலாளர் என்று பெரிய தலைகளெல்லாம் முயன்று தோற்றிருக்கிறார்கள். "வாங்கறதுன்னா வாங்கு. இல்லாங்காட்டி தக்காளி வாங்கி ரசம் வச்சிக்க" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டுவிடும். தூக்கின கூடையை மறுபடி இறக்கச் சொன்னால் பத்து ரூபாய் கூடத்தான் ஆகும்.

அப்பேர்ப்பட்ட ஆயாவை நான் ஒரே ஒரு தடவை ஜெயித்தேன். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கடந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். முந்நூறு ரூபாய் சங்கராவை நூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டு, கப்பு வாங்கின கிரிக்கெட் கேப்டன் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"எப்படிங்க?" என்றாள் மனைவி, கண்ணை அகல விரித்து.

எப்படியென்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கூடை அருகே மூக்கைக் கொண்டுபோய், "என்ன ஆயா, எண்ணெய் வாசனை அடிக்குதே?" என்றேன். அடிக்கவில்லை. அது காசிமேட்டு மீன், ஆழ்கடல் மீன். ஆயா வழக்கமாகக் கொண்டுவருவது எண்ணூர்க் கழிமுகத்து இறாலும் மடவையும் நண்டும். அந்த மாதம் கழிமுகமே கறுப்பாகிக் கிடந்ததால், கடன் வாங்கிக் காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வந்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்கு.

ஆயா கூடையைத் தூக்கவில்லை. "குடுக்கறதக் குடு சார்" என்றது.

அந்த மீனின் ருசி பற்றி இப்போது எதுவும் எழுதுவதாக இல்லை.

*

புயல் சமாசாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். தாங்கினதையெல்லாம் எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமல்லவா? எங்கள் தெருவில் இடுப்பளவு இறக்கி வைத்தது. அதே வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் விழுந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. அலையாத்திச் செடிகளில் ஒரு வரி கறுப்பு, படகில் ஒரு வரி கறுப்பு, வலை முழுக்கக் கறுப்பு. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய கூழைக்கடாக்கள் மெக்கானிக் ஷாப்பிலிருந்து நேரே வந்த மாதிரி நின்ற போட்டோவை எல்லாரும் பார்த்தோம்.

எண்ணெய்யை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? பக்கெட்டாலும் மக்காலும். 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்று இரண்டு கப்பல் முட்டிக்கொண்டபோதும் பக்கெட்டால்தான் அள்ளினார்கள். ஆறு வருஷத்தில் நம் விஞ்ஞானம் மக்கையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சந்திரனில் சந்திரயானை இறக்கிய அதே வருஷம்!

வெள்ள நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். ரேஷன் கடை க்யூவில் டோக்கனோடு நின்றேன். எனக்கு முன்னால் எதிர் போர்ஷன் லெட்ஜர் தாத்தா. பின்னி மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். மில்லை 1996-ல் மூடிவிட்டார்கள், தாத்தா தன் லெட்ஜரை இன்னும் மூடவில்லை. வெள்ளத்தில் போனதற்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மெத்தை 2, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் 1, கிரைண்டர் மோட்டார் 1, அரிசி 15 கிலோ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய், பைசா. கடைசி வரியில், 'கல்யாண போட்டோ 1'. அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

"இதுக்கு ஏன் தாத்தா விலை போடலை?"

"உன் பாட்டி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சு. இருந்த ஒரே படம் அது. என்னன்னு போடறது?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா ஒண்ணு. கலத்தைக் காலியா விட்டா, கூட்டறவன் அதைப் பூஜ்யம்னுதான் எடுத்துப்பான். விலை போட முடியாததுன்னு அவனுக்கா தெரியப்போவுது?"

பொருளாதாரப் பேராசிரியர்கள் முந்நூறு பக்கத்தில் சொல்வதை ஒரு மனுஷர் ரேஷன் கடை வாசலில் சொல்லிவிட்டார்.

*

கழிமுகத்துக்கும் ஒரு பட்டியல் வந்தது. அரசு அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யப் படகுக்கு 10,000. சுற்றுவட்டாரத்தில் 6,700 குடும்பங்களுக்கு 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம் சொச்சம். தாத்தா பேப்பரை வாங்கி ஒரு தடவை பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "டேலி ஆவுது" என்றார்.

டேலி ஆகிறதுதான். கொடுத்தது தப்பு என்று சொல்லவரவில்லை. அந்த மாதம் அந்தப் பணம் வராவிட்டால் பல வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் கூட்டலில் எது எது இருக்கிறது என்று பாருங்கள். படகுக்குக் கலம் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து வெறுங்கையால் இறாலைத் தடவிப் பிடித்துப் பறியில் போடுகிற மனுஷனுக்கு, படகும் கிடையாது வலையும் கிடையாது, சேற்றில் இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்கிற விரல் ஞானம்தான் மூலதனம். அந்த மூலதனத்துக்குத் தேய்மானம் போட எந்த ஆடிட்டரும் படிக்கவில்லை. அலையாத்தி மரத்துக்குக் கலம் இல்லை. கூழைக்கடாவுக்கு ரேஷன் கார்டே இல்லை, டோக்கன் எங்கேயிருந்து கொடுப்பார்கள்?

இதில் வேடிக்கை, எண்ணெய் கொட்டினால் நாட்டின் வருமானம் குறையாது, கூடும். அள்ளுகிறவனுக்குக் கூலி, பக்கெட் விற்பனை, லாரி வாடகை, தோல் அரிப்புக்கு ஆயின்ட்மென்ட், குடிக்கக் கேன் தண்ணீர் என்று எல்லாமே ஜி.டி.பி.யில் கூட்டல் பக்கம். ஆயா விற்காத மீன் மட்டும் கழித்தல். சுத்தமாகக் கிடக்கிற ஆறு கூட்டலிலும் இல்லை, கழித்தலிலும் இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் சோம்பேறி.

தாத்தாவுக்குப் பிடித்த இன்னொரு கணக்கு உண்டு. ஆலைகள் விதியை மீறினால் எவ்வளவு வசூலிப்பது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் ஒரு சூத்திரமே கொடுத்தது. அஞ்சு எண்ணைப் பெருக்க வேண்டும். ஆலை எவ்வளவு மோசமான ரகம் (சிவப்பு ரகத்துக்கு 80), எத்தனை நாள் மீறல், ஒரு ரூபாய்க் காரணி (250 போடலாம் என்று சிபாரிசு), ஆலை பெரிசா சின்னதா (பெரிசுக்கு ஒன்றரை), ஊரின் ஜனத்தொகை (கோடியைத் தாண்டினால் 2). இந்த எண்களை வைத்துப் பெருக்கினால் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். தி.நகர் பக்கம் சுமாரான கல்யாண மண்டபத்துக்கே அதற்கு மேல் ஆகிறது.

"அபராதம்னா வலிக்கணும்டா. இது வாடகை" என்றார் தாத்தா. "வாடகை கட்டறவன் தன்னைக் குத்தவாளின்னு நினைச்சுப்பானா? குடித்தனக்காரன்னு நினைச்சுப்பான்."

*

அது சரி, இதெல்லாம் ஏன் அடையாறில் நடக்காமல் எண்ணூரில் நடக்கிறது?

1991 டிசம்பரில் உலக வங்கியில் ஓர் உள்சுற்றுக் குறிப்பு ஓடியது. கையெழுத்து, அப்போது அங்கே தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த லாரன்ஸ் ஸம்மர்ஸ். நச்சுக் கழிவைக் கூலி குறைந்த நாடுகளில் கொண்டுபோய்க் கொட்டுவதில் பொருளாதாரத் தர்க்கப்படி ஒரு குற்றமும் இல்லை என்பது அதன் சாரம். காரணம்? மாசினால் ஒருவன் சீக்காகிவிட்டால் நஷ்டம் எவ்வளவு? அவன் இழக்கிற சம்பளம். சம்பளமே கொஞ்சம் என்றால் நஷ்டமும் கொஞ்சம். கணக்கு சுத்தம்! குறிப்பு வெளியே கசிந்து உலகமே கொதித்ததும், அது கிண்டலுக்கு எழுதியது என்று விளக்கம் வந்தது. பிரேஸில் சுற்றுச்சூழல் அமைச்சர் லுட்ஸென்பெர்கர் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் அவர் பதவி போயிற்று. ஸம்மர்ஸ் பின்னால் அமெரிக்க நிதி அமைச்சரானார். அப்புறம் ஹார்வர்டுக்குத் தலைவரானார். கிண்டல் எழுதினால் முன்னுக்கு வரலாம் என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதே குறிப்பில் இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. ஏற்கெனவே அழுக்கான இடத்தில் மேலும் கொட்டினால் கெடுதல் பல மடங்காகும், ஆகவே சுத்தமான இடத்தில் முதலில் கொட்டுவதுதான் சிக்கனம் என்பது அது. நம் ஊர்க்காரர்கள் முதல் காரணத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாவதைச் சாய்ஸில் விட்டுவிட்டார்கள். கொடுங்கையூர் மேடு எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும். சென்னையின் வடபாதிக் குப்பை பல பத்தாண்டாக அங்கேதான் போனது. கிளறித் தரம் பிரித்து அகற்ற 66 லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். சரி, விடிவு வந்தது என்று பார்த்தால், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையையும் அங்கேயே வைக்கத் திட்டம். 2025-ல் ஜனங்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். ஏற்கெனவே கெட்ட இடம்தானே என்பது எப்பேர்ப்பட்ட வாதம் பாருங்கள்! முதல் அடி வாங்கினவன்தான் அடுத்த அடிக்கும் தகுதியானவன்.

1995-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழு இரண்டாவது அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. பூமி சூடானால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்று கூட்ட வேண்டும். சாகிறவர்களையும் கூட்ட வேண்டும். ஓர் அத்தியாயத்தில் பணக்கார நாட்டு உயிர் ஒன்றுக்கு 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிருக்கு ஒன்றரை லட்சம் டாலர் அல்லது அதற்கும் கீழே என்று விலை போட்டார்கள். ஆபத்தைக் குறைக்க நீ எவ்வளவு பணம் கொடுப்பாய் என்று கேட்டு எடுக்கிற விலை அது. இல்லாதவன் எதைக் கொடுப்பான்? ஆக, ஏழை சாகத் தயங்குவதில்லை என்று கணக்கில் ஏறிவிடும். அப்போது நம் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கமல்நாத் இந்தப் பாகுபாட்டை ஏற்க மாட்டோம் என்று கடிதமே எழுதினார். பெரிய ரகளை ஆயிற்று. அரசுகள் கூடி ஒப்புக்கொண்ட சுருக்கம் அந்த விலைக்குத் தலையாட்டவில்லை. அத்தியாயத்தை எழுதினவர்களும் தங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை.

டெல்லி அன்று கேட்டது நியாயமான கேள்வி. அதே கேள்வியைக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் நின்றுகொண்டு தெற்கே பார்த்துக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதுதான் என் சந்தேகம்.

தெற்கே என்றதும் மெரினா ஞாபகம் வருகிறது. அது கடவுள் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகம் கொடுத்தது! நம் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1875-ல் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிக் கரை அகன்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அழகாக நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். வடக்கே மணல் வரவில்லை. கடல் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரையைத் தின்ன ஆரம்பித்தது. இன்றுவரை லாரி லாரியாகப் பாறாங்கல்லைக் கொட்டித்தான் சமாளிக்கிறோம். ஒரே சுவர். ஒரு பக்கம் சுண்டல், மறுபக்கம் பாறாங்கல். இனி கடல் மட்டமும் ஏறப்போகிறது என்கிறார்கள். அப்போது எந்தப் பக்கம் முதலில் நனையும் என்பதற்குப் பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டாம்.

*

"இதெல்லாம் நடந்தது. நடக்கப்போறதுக்கு என்ன கணக்கு?" என்றார் தாத்தா ஒருநாள். கொள்ளுப் பேத்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருமுனைச் சேட்டு கடையை உதாரணமாக வைத்துச் சொன்னேன். நாளைக்கு வரப்போகிற நூறு ரூபாய், இன்றைய நூறு ரூபாய்க்குச் சமமில்லை. வட்டி கழித்துத்தான் மதிப்பு. உலகப் பெரிய நிபுணர்களும் வருங்கால வெள்ளத்தையும் வெயிலையும் இப்படி வட்டி கழித்துத்தான் இன்றைய விலைக்குக் கொண்டுவருகிறார்கள். சண்டையெல்லாம் எத்தனை சதவீதம் என்பதில்தான். 2006-ல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்த நிக்கோலஸ் ஸ்டெர்ன் போட்டது சுமார் 1.4 சதவீதம். நூறு வருஷம் கழித்து வரும் 100 ரூபாய் நஷ்டம் அவர் கணக்கில் இன்றைக்கு 25 ரூபாய். அடேயப்பா, இது ரொம்ப தாராளம் என்றார்கள் மற்றவர்கள். சந்தை வட்டிதான் சரி, 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே 100 ரூபாய் இன்றைக்கு 76 பைசா. இந்தச் சந்தை வட்டிக் கட்சியின் பெரியவர் நார்டுஹவுஸுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2100-க்குள் பூமி மூன்று டிகிரிக்கு மேல் சூடாவதுதான் வரவு செலவுப்படி உத்தமம் என்று அவருடைய மாடல் சொன்னது. பாரிஸில் 2015-ல் உலக நாடுகள் கூடிச் சொன்னதோ, இரண்டுக்குக் கீழே, முடிந்தால் ஒன்றரை.

தாத்தா கொள்ளுப் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எழுபத்தாறு பைசாவா?"

"ஆமாம் தாத்தா."

"முழுசா ஒரு ரூபாகூட இல்லே?"

பின்னால் பிறந்ததற்காக ஒருத்தியின் சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பது தர்மமே இல்லை, அது நம் கற்பனை போதாததன் விளைவு என்று ஃபிராங்க் ராம்ஸே 1928-லேயே எழுதியிருக்கிறார். அவர் வட்டிக்கு எதிரியில்லை, கேம்பிரிட்ஜ் கணித மேதை. 26 வயதில் இறந்துபோனார். தாத்தாவிடம் இதையும் சொன்னேன். "சின்னப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இவ்வளவு வக்கணையாக எழுதுகிறவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். நிவாரணம் 6,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டு, 2024 ஏப்ரலில் செகண்ட் ஹாண்ட் ஏ.சி. ஒன்று வாங்கினேன். வெயில் தாங்கவில்லை, சார். அது ராத்திரி முழுக்க ஓடுகிறது. அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி எரிகிறது, சாம்பல் கழிமுகத்துப் பக்கம் சேர்கிறது, ஏ.சி.யின் பின்பக்கம் தாத்தா வீட்டு ஜன்னலைப் பார்த்து அனல் கக்குகிறது. தாத்தா அதையும் லெட்ஜரில் ஒரு வரி எழுதியிருக்கிறார். எதிரே ரூபாய் போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

விலை போடுவதே பாவம் என்கிற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. தாத்தா சொன்ன மாதிரி, காலிக் கலம் பூஜ்யமாகிவிடும். ஆனால் விலையை யார் போடுவது? எண்ணூரில் பறி வைத்து இறால் பிடிக்கிறவனிடம் "உன் ஆற்றைக் கெடுக்க எவ்வளவு கேட்பாய்?" என்று முதலில் கேட்டுவிட்டு ஆலை கட்டியிருந்தால் தொகை வேறாக இருந்திருக்கும். கெடுத்த பிறகு, கடன்காரன் வாசலில் நிற்கும்போது, "எவ்வளவு கொடுத்தால் சரியாப் போகும்?" என்றால் அவன் சொல்வது வேறு தொகை. முந்நூறு ரூபாய் சங்கரா நூற்றைம்பது ஆன மாதிரி.

ஆயா அப்புறம் நாலு மாதம் வரவில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் குரல் கேட்டது. ஓடினேன். கூடையில் இறால், கழிமுகத்து இறால். கொஞ்சம்தான். விலையைக் கேட்டேன். சொன்னது. எடுத்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. போதாக்குறைக்கு மீதிச் சில்லறையும் வேண்டாம் என்றேன்.

ஆயா பணத்தைச் சுருக்குப் பையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இன்னா சார், பேரமே பேசல? மோந்துகூட பாக்கல? எறால்ல ஏதோ கோளாறுன்னு பேப்பர்ல கீது போட்டுட்டானா?"